லஞ்ச வழக்கும் தனி நீதிபதியும்

கோயம்புத்தூரில் காபி ஹோட்டல் நடத்திவந்த ஒருவரிடமிருந்து, அவருடைய கணக்கைப் பரிசீலிக்கும் அதிகாரம் படைத்த வருமான வரி அதிகாரி 800 ரூபாய் பெற்றுக்கொண்டார் என்று, நாடு சுதந்திரமடைந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த சமயத்தில் ஒரு வழக்கு எழுந்தது. பணம் கைமாறவில்லை என்று அதிகாரி சாதிக்கவில்லை. அது கடனாக வாங்கிய தொகை என்பதே அவருடைய சமாதானம். கோவைத் தனி நீதிபதி அந்தச் சமாதானத்தை ஏற்காமல் அவரைத் தண்டித்தார். அப்பீலில் சென்னை உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. சர்க்கார் விடாமல் மேலும் முறையிடவே, 1957இல் உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செய்து, தனி நீதிபதியின் தீர்ப்பே சரி என்று நிலைநாட்டியது. 800 ரூபாய்க்காக மூன்று நியாயஸ்தலங்கள் ஏறி இறங்கிய அந்த வழக்கு, இன்றைக்கும் லஞ்ச வழக்கு நடத்தும் வக்கீல்கள் மேற்கோள் காட்டும் வழக்காக இருக்கிறது. சாதாரணக் குற்றத்துக்கு ஒரு நியாயமும் லஞ்சக் குற்றத்துக்கு வேறொரு நியாயமும் சட்டம் வகுத்திருக்கிறது என்பதையும், அப்படி வகுத்ததன் காரணத்தையும் அது தெளிவாக்கிவிட்டது.

சாதாரணக் கிரிமினல் வழக்கில், எதிரியின் குற்றத்தைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கும் பாரம் முழுவதும் சர்க்கார் தரப்பைச் சார்ந்தது. எதிரி கடைசிவரை வாய் திறவாமல் நின்றாலும் அந்த மௌனம் ஒன்றையே கொண்டு அவரைத் தண்டிக்க முடியாது. லஞ்ச வழக்கிலோ, சர்க்கார் உத்தியோகஸ்தர் தமக்கு உரிமையில்லாத பணத்தைக் கேட்டுப் பெற்றார் என்பது நிரூபணமாகிவிட்டால், அதை அவர் தம் உத்தியோகக் காரியத்துக்குக் கைம்மாறாகவே பெற்றார் என்று நீதிபதி அனுமானித்தே தீரவேண்டும் என்று சட்டம் கட்டளையிடுகிறது. அனுமானிப்பதும் விடுவதும் நீதிபதியின் விருப்பத்தைப் பொறுத்ததன்று என்பதையே கோவை வழக்கில் உச்ச நீதிமன்றம் வற்புறுத்தியது. அந்த அனுமானத்தை உடைக்கும் பொறுப்பு அதன்பின் உத்தியோகஸ்தரைச் சேர்கிறது. ஆனால் அவர் சந்தேகத்துக்கு இடமில்லாத அளவுக்கு நிரூபிக்க வேண்டியதில்லை. சிவில் வழக்கில் போல, தாம் சொல்வதே நம்பத்தக்கது என்று காட்டினால் போதும்.

இவ்வளவு கடுமையான விதி ஏன் வேண்டியிருந்தது? திருட்டுக் கொடுத்தவன் கூக்குரலிடுகிறான். அடிபட்டவன் காயத்தோடு ஸ்டேஷனுக்கு வருகிறான். லஞ்சத்தில் மட்டும், கொடுத்தவனுக்கும் வாங்கினவனுக்கும் நடந்தது தெரியும், இருவருக்கும் அதை மறைப்பதில் லாபமும் இருக்கிறது. கொடுத்தவன் தன் காரியம் முடிந்த திருப்தியிலோ, இனியும் அதே ஆபீஸ் படியை மிதிக்க வேண்டுமே என்ற அச்சத்திலோ வாய்மூடிப் போகிறான். ஆகவே, எவனாவது ஒருவன் துணிந்து வந்து சொன்னால், அவன் சொல் வீண்போகாதபடி சட்டம் அவனுக்குத் தோள்கொடுக்க வேண்டும் என்பதே இந்த ஏற்பாட்டின் ஆதாரமான எண்ணம். தனி நீதிமன்றம் என்னும் ஸ்தாபனத்தையும் நான் அந்த எண்ணத்தின் விரிவாகவே பார்க்கிறேன்.

1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்திலேயே லஞ்சம் குற்றமாகக் குறிக்கப்பட்டிருந்தது. 161ஆம் பிரிவு என்றால் பழைய தலைமுறை குமாஸ்தாக்கள் எல்லாருக்கும் தெரியும். ஆயினும் இரண்டாம் உலகப் போரின்போது ராணுவத்துக்குச் சாமான் வாங்குவதிலும் காண்டிராக்ட் கொடுப்பதிலும் கோடிக்கணக்கான பணம் புரளத் தொடங்கிய பிறகுதான், பழைய சட்டமும் பழைய போலீசும் இதற்குப் போதா என்பதை அரசாங்கம் உணர்ந்தது. 1941இல் யுத்த இலாகாவின்கீழ் ஒரு விசேஷப் போலீஸ் படை அமைக்கப்பட்டது. பின்னாளில், 1963இல், மத்தியப் புலனாய்வுத் துறை, அதாவது சி.பி.ஐ., உருவானபோது அதன் வேராக அமைந்தது அந்தப் படையே. 1947 மார்ச் மாதத்தில், அதிகாரம் கைமாறுவதற்குச் சில மாதங்களுக்கு முன்பு, ஊழல் தடுப்புச் சட்டம் அமுலுக்கு வந்தது. அந்தச் சட்டம் எப்படி நடைமுறையாகிறது என்று ஆராய பக்ஷி தேக் சந்த் தலைமையில் ஒரு குழு நியமிக்கப்பட்டது. அதன் சிபாரிசை ஒட்டி 1952இல் இயற்றப்பட்ட கிரிமினல் சட்டத் திருத்தச் சட்டம்தான் தனி நீதிபதி என்ற பதவியைப் படைத்தது. அதுவரை, லஞ்ச வழக்குகளும் ஏனைய வழக்குகளோடு வழக்குகளாக மாஜிஸ்டிரேட் கோர்ட்டுகளில் முறைக்குக் காத்துக் கிடந்தன. செஷன்ஸுக்குப் போகும் வழக்கானால், ஒரே சாட்சியை இரண்டு இடங்களில் விசாரிக்கும் தாமதமும் சேர்ந்துகொண்டது. புதிய சட்டம் அந்த இடைப்படியை நீக்கிவிட்டு, இவ்வகை வழக்குகளைத் தனி நீதிபதியைத் தவிர வேறெவரும் விசாரிக்கலாகாது என்று வரையறுத்தது. 1988 செப்டம்பரில் அமுலுக்கு வந்த இப்போதைய ஊழல் தடுப்புச் சட்டமும் அந்த அமைப்பையே ஏற்றுக்கொண்டிருக்கிறது.

இன்று பத்திரிகைகள் ‘சிறப்பு நீதிமன்றம்’ என்று எழுதும் இந்த நியாயஸ்தலத்தைப் பற்றி ஒரு தப்பபிப்பிராயம் பலரிடம் இருக்கிறது. அது ஏதோ அரசாங்கம் தனக்கு வேண்டியவரைக் கொண்டு அமைக்கும் தற்காலிக மன்றம் அல்ல. நியமன உத்தரவை மத்திய அரசோ மாநில அரசோ வெளியிடுகிறது என்றாலும், செஷன்ஸ் நீதிபதியாகவோ அடிஷனல் அல்லது அசிஸ்டெண்ட் செஷன்ஸ் நீதிபதியாகவோ இருப்பவர், அல்லது இருந்தவர்தான் அதில் அமர முடியும். அவருடைய தீர்ப்பின்மேல் உயர் நீதிமன்றத்துக்கு அப்பீல் உண்டு. தமிழ்நாட்டில் பல மாவட்டங்களில் தலைமைக் குற்றவியல் நடுவரே தனி நீதிபதியாகவும் இருந்து லஞ்ச வழக்குகளை விசாரித்து வந்திருக்கிறார். ஆகையால் ‘தனி’ என்பது பெரும்பாலும் அதிகாரத்தின் தனித்தன்மையே தவிர, கட்டடத்தின் தனித்தன்மையன்று.

அந்த மன்றத்தின் முன் வந்து நிற்கும் வழக்கு எப்படிப் பிறக்கிறது என்பதைச் சற்று அருகிலிருந்து பார்ப்பது நல்லது. பட்டா மாறுதலுக்கு மனுப்போட்ட விவசாயி ஒருவரிடம் ஓர் அலுவலர் ஐயாயிரம் ரூபாய் கேட்டார் என்று வைத்துக்கொள்வோம். கொடுக்க மனமில்லாத அவர் லஞ்ச ஒழிப்புத் துறை அலுவலகத்துக்குப் போய் எழுத்து மூலம் புகார் கொடுக்கிறார். முதல் தகவல் அறிக்கை பதிவாகிறது. வேறு இலாகாக்களைச் சேர்ந்த இரண்டு அரசு ஊழியர்கள் சாட்சிகளாக வரவழைக்கப்படுகிறார்கள். அவர்கள் கண்ணெதிரில், விவசாயி கொண்டுவந்த நோட்டுகளின் எண்கள் ஒவ்வொன்றாக எழுதிக்கொள்ளப்பட்டு, பினாப்தலீன் என்னும் வெண்ணிறப் பொடி அவற்றின்மேல் தடவப்படுகிறது. செய்தித்தாள்களில் அடிக்கடி காணும் ‘ரசாயனம் தடவிய நோட்டு’ இதுதான். அந்த நோட்டைத் தொட்ட கையைச் சோடியம் கார்பனேட் கரைசலில் நனைத்தால், நிறமற்ற கரைசல் இளஞ்சிவப்பாக மாறும் என்பதை முன்கூட்டியே செய்து காட்டி, மகசர் எழுதி அனைவரும் கையொப்பமிடுகிறார்கள். அலுவலர் கேட்டாலன்றிப் பணத்தைக் கொடுக்கலாகாது என்று விவசாயியிடம் கண்டிப்பாகச் சொல்லப்படுகிறது. கேட்டது, கொடுத்தது, வாங்கியது எல்லாவற்றையும் காதாலும் கண்ணாலும் அறிவதற்காக ஒரு சாட்சி அவரோடு கூடவே போகிறார். முன்பே பேசிவைத்த ஜாடையை விவசாயி காட்டியதும், மறைந்திருந்த போலீசார் உள்ளே நுழைகிறார்கள்; அலுவலரின் விரல்களைக் கண்ணாடிக் குவளையில் உள்ள கரைசலில் நனைக்கச் சொல்கிறார்கள்; நிறம் மாறிய கரைசல் பாட்டிலில் ஊற்றி அரக்கு முத்திரையிடப்பட்டுத் தடய அறிவியல் ஆய்வகத்துக்குப் போகிறது. 

கையும் களவுமாகப் பிடித்தாகிவிட்டது, இனி என்ன தாமதம் என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். உண்மையில், அந்த விவசாயியின் சோதனைக் காலம் அப்போதுதான் ஆரம்பமாகிறது. கரைசல் சிவந்தது பணத்தைத் தொட்டார் என்பதற்குத்தான் அத்தாட்சி. லஞ்சமாகக் கேட்டார் என்பதற்கு அத்தாட்சி முக்கியமாக அந்த விவசாயியின் வாய்ச்சொல்லே. கேட்டது நிரூபணமாகாமல் பணம் கைப்பற்றப்பட்டது மட்டும் நிரூபணமானால் தண்டிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. அது நியாயமான கட்டுப்பாடுமாகும். ஏனெனில், மேஜை டிராயரில் யாரோ திணித்துவிட்டுப் போன நோட்டுக்காக நேர்மையான ஓர் ஊழியர் சிறைக்குப் போகக்கூடாது. ஆனால் இதன் விளைவாக, வழக்கின் உயிர் முழுவதும் ஒரே ஒரு மனிதரின் நினைவிலும் மன உறுதியிலும் போய்த் தங்கிவிடுகிறது. அந்த மனிதரோ, வாய்தாவுக்கு மேல் வாய்தாவாக வழக்கு இழுபடும்போது, அதே கிராமத்தில், அதே தாலுகா ஆபீஸை நம்பி வாழ வேண்டியவர். உறவினர் மூலமாகச் சமரசம் பேச ஆள் வருகிறது. உங்களால் ஒரு குடும்பம் அழிகிறதே என்று இரக்கத்தைக் கிளறுகிறார்கள். சில இடங்களில் மிரட்டலும் நடக்கிறது. கடைசியில் கூண்டில் ஏறி, “அவர் கேட்கவில்லை, போலீசார் சொன்னதால் கையெழுத்துப் போட்டேன்” என்று அவர் சொல்லிவிட்டால், சட்ட பாஷையில் அவர் பிறழ்சாட்சி. அவரைக் கோழை என்று ஏசுவது எளிது. அவரை அத்தனை காலம் காக்க வைத்தவர்கள் யார் என்று கேட்பதே முறை என்று எனக்குத் தோன்றுகிறது.

சாட்சிகள் பிறழ்வது ஏழைப் புகார்தாரரின் வழக்கில் மட்டும் நிகழ்வதன்று என்பதற்குத் தமிழ்நாட்டின் மிகப் பிரசித்தமான ஊழல் வழக்கே உதாரணம். 1991 முதல் 1996 வரை முதலமைச்சராக இருந்த ஜெயலலிதாவும் மற்ற மூவரும் வருமானத்துக்கு மிஞ்சிய சொத்துச் சேர்த்ததாகத் தொடரப்பட்ட வழக்கில், 1997 ஜூன் மாதம் சென்னைத் தனி நீதிமன்றத்தில் குற்றப்பத்திரிகை தாக்கலாயிற்று. 2001இல் அவரே மீண்டும் ஆட்சிக்கு வந்தபிறகு, ஏற்கெனவே சாட்சியம் அளித்திருந்த சர்க்கார் தரப்புச் சாட்சிகளில் 76 பேர் மறுபடி அழைக்கப்பட்டனர். அவர்களில் 64 பேர் முன்பு சொன்னதிலிருந்து பின்வாங்கினர். சர்க்கார் வக்கீலை நியமிப்பது எந்த அரசோ, அந்த அரசின் தலைவரே எதிரியாக இருக்கும்போது, தனி நீதிபதி எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் விசாரணையின்மீது பொதுமக்களுக்கு நம்பிக்கை எப்படி நிலைக்கும்? தி.மு.க.வின் பொதுச் செயலாளர் க. அன்பழகன் தாக்கல் செய்த மனுவின்மேல், 2003 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கைக் கர்நாடகத்துக்கு மாற்றியது. பெங்களூரில் தனி நீதிபதி ஜான் மைக்கேல் குன்ஹா 2014 செப்டம்பர் 27 அன்று தண்டனைத் தீர்ப்பு அளித்தார். அடுத்த ஆண்டு மே மாதம் கர்நாடக உயர் நீதிமன்றம் நால்வரையும் விடுவித்தது. 2017 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தனி நீதிபதியின் தீர்ப்பைத் திரும்ப நிலைநாட்டியபோது, முதல் எதிரியான ஜெயலலிதா காலமாகி இரண்டு மாதங்களுக்கு மேல் ஆகியிருந்தது. அவரைப் பொறுத்தமட்டில் வழக்கு அற்றுப்போயிற்று. ஆதரவாளரும் எதிர்ப்பாளரும் இதைப்பற்றி என்ன வேண்டுமானாலும் வாதிடலாம். குற்றப்பத்திரிகைக்கும் இறுதித் தீர்ப்புக்கும் இடையே ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழிந்தன என்பதை இருவருமே மறுக்க முடியாது. அந்தத் தாமதம் குற்றம் சாட்டப்பட்டவருக்கும் நன்மையாகாது, நாட்டுக்கும் நன்மையாகாது.

தாமதத்தின் ஊற்றுகளில் ஒன்று கோர்ட்டுக்கு வெளியே, செக்ரடேரியட்டில் இருக்கிறது. ஓர் அரசு ஊழியர்மீது தனி நீதிபதி வழக்கை ஏற்க வேண்டுமானால், அந்த ஊழியரை வேலைநீக்கம் செய்யும் அதிகாரம் உள்ளவரின் அனுமதி உத்தரவு முதலில் வேண்டும். இது ஊழல் தடுப்புச் சட்டத்தின் 19ஆம் பிரிவு. தம் கடமையை அச்சமின்றிச் செய்யும் உத்தியோகஸ்தரைப் பொய்வழக்குகளிலிருந்து காப்பதே இதன் நோக்கம்; அந்த நோக்கத்தோடு எனக்குப் பேதம் இல்லை. அனுமதி பற்றி மூன்று மாதத்துக்குள், சட்ட ஆலோசனை வேண்டியிருந்தால் மேலும் ஒரு மாதத்துக்குள், முடிவெடுக்க முயல வேண்டும் என்று 2018ஆம் ஆண்டுத் திருத்தம் சொல்லுகிறது. ஆனால் அதே திருத்தம், ஓய்வுபெற்றவர்களுக்கும் இந்தப் பாதுகாப்பை நீட்டியதோடு, 17ஏ என்ற புதுப் பிரிவையும் சேர்த்துக்கொண்டது. அதன்படி, ஓர் ஊழியர் உத்தியோக முறையில் செய்த சிபாரிசோ எடுத்த முடிவோ பற்றியதாக இருந்தால், வழக்கு நடத்துவது ஒருபுறமிருக்க, விசாரிக்கத் தொடங்கவே முன் அனுமதி வேண்டும். சம்பவ இடத்திலேயே பிடிபடுகிற லஞ்சத்துக்கு மட்டும் இதிலிருந்து விலக்கு உண்டு. ஆக, ஐயாயிரம் ரூபாய் வாங்கிப் பிடிபடும் கடைநிலை ஊழியர்மீது சட்டம் உடனே பாய்கிறது. கோப்பில் ஒரு குறிப்பு எழுதிக் கோடிகளை இடம்மாற்றக்கூடிய பெரிய அதிகாரியை நெருங்கவோ இரட்டைக் கதவு திறக்க வேண்டியிருக்கிறது. உத்தியோகஸ்தரின் பாதுகாப்புக்கு இத்தனை அக்கறை எடுத்துக்கொண்ட சட்டம், புகார் கொடுத்தவரின் பாதுகாப்பில் அதில் பாதி அக்கறையும் காட்டவில்லை என்பதே என் மனத்தாங்கல்.

மேலே சொன்ன லஞ்ச ஒழிப்புத் துறையும் சொத்துக் குவிப்புக் குற்றமும் உருவான கதையை அறிய, தஞ்சை மண்ணில் பிறந்து, அரசியல் நிர்ணய சபையில் அங்கம் வகித்த கே. சந்தானம் தலைமையில் 1962இல் அமைக்கப்பட்ட குழுவை இங்கே நினைவுகூர்வது பொருந்தும். அந்தக் குழுவின் சிபாரிசினால்தான் 1964இல் மத்திய கண்காணிப்பு ஆணையம் தோன்றியது. தமிழ்நாட்டின் லஞ்ச ஒழிப்பு இயக்ககமும் அதே ஆண்டில் ஏற்பட்டது. வருமானத்துக்குப் பொருந்தாத சொத்துக்குக் கணக்குக் காட்ட இயலாமையே ஒரு தனிக்குற்றம் என்பதும் அவ்வாண்டுச் சட்டத் திருத்தத்தில் ஏறிற்று. அதற்குமுன் அது அனுமானத்துக்கு ஓர் ஆதாரமாக மட்டுமே இருந்துவந்தது.

விரைவு வேண்டும் என்பதற்காக எதையும் செய்துவிடலாமா என்றால், செய்யக்கூடாது என்பதற்கு மகாராஷ்டிர முதலமைச்சராக இருந்த ஏ.ஆர். அந்துலேயின் வழக்கு சாட்சி. சிமெண்ட் ஒதுக்கீடு முதலிய விவகாரங்களில், பம்பாய்த் தனி நீதிபதியின்முன் ஒரு தனி மனிதரே நேரடியாகப் புகார் தாக்கல் செய்தார். போலீஸ் மூலமாகத்தான் வர வேண்டும் என்ற ஆட்சேபத்தை உச்ச நீதிமன்றம் 1984இல் நிராகரித்து, குற்றத்தை நீதிபதியின் பார்வைக்குக் கொண்டுவரும் உரிமை எந்தப் பிரஜைக்கும் உண்டு என்று உறுதிசெய்தது. அந்த உரிமை நம் சட்டத்தின் பெரிய செல்வம். ஆனால் அதே ஆண்டு, வழக்கு சீக்கிரம் முடியட்டும் என்ற நல்லெண்ணத்தால், ஐந்து நீதிபதிகள் அடங்கிய அமர்வு அந்த விசாரணையைத் தனி நீதிபதியிடமிருந்து எடுத்து உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரிடம் ஒப்படைத்தது. 1988இல் ஏழு நீதிபதிகள் அடங்கிய அமர்வு, பெரும்பான்மைத் தீர்ப்பின் மூலம், தன் நீதிமன்றமே பிறப்பித்த அந்த உத்தரவை ரத்து செய்தது. தனி நீதிபதி மட்டுமே விசாரிக்கலாம் என்று நாடாளுமன்றம் எழுதிவைத்திருக்கும்போது, உச்ச நீதிமன்றமும் அதை மாற்ற முடியாது. மாற்றினால், எதிரி உயர் நீதிமன்றத்துக்கு அப்பீல் செய்யும் உரிமையை இழக்கிறார் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். தன் தவற்றைத் தானே திருத்திக்கொண்ட அந்தத் தீர்ப்பை நான் மரியாதையோடு நினைக்கிறேன். பிறகு 1991 டிசம்பரில் அந்துலேயின் பெயரையே தாங்கி வந்த இன்னொரு தீர்ப்பில், துரித விசாரணை அரசியல் சட்டத்தின் 21ஆம் ஷரத்தில் அடங்கிய அடிப்படை உரிமை என்று கோர்ட்டு அறிவித்தது. ஆயினும் இத்தனை ஆண்டு என்று கெடு விதிக்க மறுத்துவிட்டது.

அந்தக் கெடுவை நாடாளுமன்றம் 2018இல் ஒருவாறு விதித்திருக்கிறது. வழக்குத் தாக்கலான நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் விசாரணையை முடிக்கத் தனி நீதிபதி முயல வேண்டும். முடியாவிட்டால் காரணத்தை எழுதிவைத்து ஆறாறு மாதமாக நீட்டலாம். எல்லாம் சேர்ந்து சாதாரணமாக நான்கு ஆண்டுகளைத் தாண்டலாகாது. நாள்தோறும் தொடர்ந்து விசாரிக்க வேண்டும் என்ற வாசகமோ 1988 முதலே சட்டத்தில் இருக்கிறது. ஜாமீன் மனுக்களும், திருட்டு வழக்குகளும், மாவட்டத்தின் நிர்வாக வேலைகளும் தலைமேல் குவிந்திருக்கும் ஒரு நீதிபதிக்கு லஞ்ச வழக்கையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு, நாள்தோறும் விசாரியுங்கள் என்றால் அது எப்படிச் சாத்தியமாகும்? இந்த வேலைக்கென்றே முழுநேர நீதிபதியும், மாற்றலாகிப் போய்விடாத சர்க்கார் வக்கீலும் இருந்தாலொழிய அந்த வாசகம் காகிதத்தோடு நின்றுவிடும்.

புகார்தாரர் இறந்துவிட்டாலோ பிறழ்ந்துவிட்டாலோ வழக்கு தானாகவே வீழ்ந்துவிட வேண்டியதில்லை, மற்றச் சாட்சியங்களாலும் சந்தர்ப்ப சாட்சியங்களாலும் லஞ்சம் கேட்டதையும் வாங்கியதையும் நிரூபிக்கலாம் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு தீர்ப்பளித்தது பெரிய ஆறுதல். கூடப்போன சாட்சி, ஒலிப்பதிவு, தொலைபேசிக் குறிப்பு ஆகியவை இனி அதிகப் பெறுமானம் பெறும். ஆனாலும், புகார்தாரரின் வாக்குமூலத்தை ஆரம்பத்திலேயே மாஜிஸ்டிரேட் முன்னிலையில் பதிவுசெய்வதும், விசாரணை தொடங்கியதும் முதல் சாட்சியாக அவரையே ஏற்றி, குறுக்கு விசாரணையையும் வாய்தா இன்றி அன்றே முடிப்பதும், அவர் மனுப்போட்ட பட்டாவையோ சான்றிதழையோ அவருக்கு உரிமை இருக்குமானால் வேறோர் அதிகாரி மூலம் தாமதமின்றி வழங்கச் செய்வதும் நடைமுறைக்கு எட்டாத காரியங்கள் அல்ல.

வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்று: 2018க்குப் பிறகு லஞ்சம் கொடுப்பதும் நேரடியான குற்றம்; ஏழாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். நிர்ப்பந்தத்தால் கொடுக்க நேர்ந்தவர், கொடுத்த ஏழு நாட்களுக்குள் போலீசிடமோ புலனாய்வு அமைப்பிடமோ தெரிவித்துவிட்டால் அவர்மேல் குற்றம் சாராது. கொடுப்பதற்கு முன்பே தெரிவித்து, அதிகாரியைப் பிடிப்பதற்காக அவர்கள் சொற்படி கொடுத்தவருக்கும் பாதுகாப்பு உண்டு. இந்த ஏழு நாள் கெடு கிராமத்துச் சாவடி வரை போய்ச் சேரவில்லை. தாலுகா ஆபீஸ், பத்திரப் பதிவு ஆபீஸ், மின்வாரிய ஆபீஸ் ஆகியவற்றின் வாசலில் லஞ்ச ஒழிப்புத் துறையின் தொலைபேசி எண்ணோடு இந்தக் கெடுவையும் பெரிய எழுத்தில் எழுதி வைக்க அரசாங்கத்துக்கு ஒரு சுற்றறிக்கைக்குமேல் செலவாகாது.